கண்ணால் கண்ட சாட்சி

"ஹாரன் சத்தம் கேட்டுச்சுல்ல பாய்? அதை மட்டும் ஏட்டையாகிட்டச் சொல்லிருங்க. எம்மகன் பொழைச்சுக்கிருவான்."

அக்பர் அலி சோடா பாட்டிலை ணங்கென்று பலகையில் வைத்தார். காலையில் செம்பட்டி முக்கில், தன் கடை வாசலிலேயே ஒருவர் லாரியில் அடிபட்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். எந்த ஊர்க்காரரோ, பாவம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மத்தியானமே உயிர் போய்விட்டதாம். இப்போது, பிடிபட்ட டிரைவரின் தாய் பேச்சாயி வந்து நிற்கிறாள். வாக்குமூலம் வாங்க ஏட்டு எந்த நேரமும் வரலாம்.

"கேட்டுச்சு. ரெண்டு தடவை அடிச்சான். அடிச்சுட்டா ஆளைக் கொல்லலாமா?"

"வேணும்னேவா செஞ்சான் பாய்? நாலு வருசமா ஓட்டுறான். ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்துனதில்லை."

"அந்த மனுசன் தூக்குச்சட்டியோட அரைமணி நேரமா இங்கனதான் நின்னாரு. லாரியைப் பாத்ததும் ரோட்டுல எறங்கிக் கையைக் காட்டுறாரு. அம்புட்டு வேகத்துல வந்தா எங்கிட்டு நிப்பாட்டுறது? ஏத்திப்புட்டு, 'ஐயோ, அப்பா'ன்னு இவன் அலறுறான்! அடிபட்டது அவரா, இவனா? சனம் போட்டு மிதிக்குது, அவரு தலையை மடியில வச்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறான். என்னா நடிப்பு!"

பேச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தூரத்தில் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஏட்டின் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் அவள் பதறிப்போனாள்.

"ரெண்டு வருசம் செயிலுன்னு டேசன்ல சொல்றாங்க. பொய் சொல்லச் சொல்லல பாய். காதுல விழுந்ததைச் சொல்லுங்க, போதும்."

அக்பர் அலிக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பாசம் வந்துவிட்டால் அடுத்தவர் வீட்டு இழவு கண்ணுக்கே தெரியாதா? எழுந்த கோபத்தில் கடையே அதிரும்படி கத்தினார்.

"உம்மகனைப் பத்தியே பேசுறியே தாயி, செத்தவரு பொண்டாட்டியைச் செத்த நேரம் நெனைச்சியா? உங்கழுத்துல மஞ்சக்கயிறு இருக்கு. அவளுக்கு இனிமே யாரு இருக்கா? சொல்லு!"

ஏட்டு கடை முன்னால் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"ஒரே ஒரு மகன் இருக்கான் பாய்" என்றாள் பேச்சாயி. "அவனைத்தான் லாரியோட சேத்து டேசன்ல புடிச்சு வச்சிருக்காங்க."