சூட்டுக் களிம்பு

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, பிற்பகல். மறுநாள் காலையில் என் தம்பியின் வலக்கால் சுண்டுவிரலை எடுத்துவிடுவது என்று மருத்துவர் முடிவு செய்திருந்தார். அவனுடைய கணினியும் கொதித்துக் கொதித்து அணைந்துகொண்டிருந்தது.

கால்தான் போகிறது, கணினியாவது இருக்கட்டும் என்றான் தம்பி.

போவது கால் அன்று, விரல் என்று நான் திருத்தினேன்.

சர்க்கரை நோய் அவன் பாதங்களை மரத்துப்போகச் செய்திருந்தது. சென்ற மாதம் அந்த விரலின் மேல் வெந்நீர் கொட்டியபோது, வலிக்கவே இல்லை என்று சிரித்தான். அந்தப் புண் இன்றுவரை ஆறவில்லை. மருத்துவர் சர்க்கரையைக் குறை சொன்னார். நான் தம்பியின் வாயைக் குறை சொன்னேன்.

நாள்தோறும் புண்ணைக் கழுவி, மருந்திட்டுக் கட்டுவது என் வேலை. மருத்துவரிடம் செல்லும் நாள்களில் பழைய மருந்தின் பிசுக்குத் துளியும் இல்லாமல் துடைத்தே அழைத்துச் செல்வேன். அழுக்குக் காலை ஒருவர் முன் நீட்டுவது மரியாதை அன்று.

கணினியின் கதை வேறு. தயாரித்தவர்கள் வகுத்த வேகத்தை மீறி அதை ஓடவைப்பது, பணி ஓய்வுக்குப் பின் தம்பியைப் பிடித்த பைத்தியம். ஓவர்கிளாக் என்பான். அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் இடமில்லை. வேகமேற்றம் என்று சொல்லிக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் பொருள்களின் மேல் அச்சிட்டிருக்கும் ஆங்கிலத்தை மூடி, நல்ல தமிழில் பெயரெழுதி ஒட்டிவிடுவேன். ஒரே பெயர் உடையவை ஒரே இழுப்பறையில் இருக்கும். ஒழுங்கு என்பது இவ்வளவுதான்.

சென்ற மாதம் தம்பி கணினியின் மூளையான செயலியைப் புதிதாக வாங்கித் தானே பொருத்தினான். அன்று தொடங்கியது கொதிப்பு.

அவன் மகள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன் இதையாவது சரிசெய்துவிடலாம் என்று தரையில் அமர்ந்து கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தாள். என் வீட்டில் தூசியா? மின்விசிறிகள் ஒழுங்காகச் சுழன்றன. கடைசியில் வேகத்தை இயல்பு நிலைக்கே இறக்கினாள். கன்னத்தில் அறை வாங்கியவனைப் போலத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதும் பால் பொங்குவதுபோல் வெப்ப எண் ஏறியது. கணினி அணைந்தது.

“வேகத்துல ஒண்ணும் இல்லப்பா. நீங்க மாட்டுனதுலதான் என்னமோ இருக்கு.”

திருகுகளைக் கழற்றி, செயலியின் மேல் இருந்த உலோகக் கட்டியைத் தூக்கினாள். செயலிக்கும் அந்தக் கட்டிக்கும் நடுவே ஒரு களிம்பைத் தடவுவார்கள். செயலியின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது அதுதான்.

அங்கே வெள்ளையாக ஏதோ உருகி, ஓரங்களில் எண்ணெயாகக் கசிந்திருந்தது. அவள் விரல் நுனியில் தொட்டு முகர்ந்தாள்.

“அத்தை, இது மருந்து வாசனை.”

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

“சூட்டுக் களிம்புன்னு உங்கத்தை எழுதி ஒட்டினதைத்தான்டி தடவுனேன். பேரு தப்புன்னா அவங்ககிட்டயே கேளு.”

சர்க்கரை அவன் பார்வையையும் மங்கவைத்திருந்தது. வெள்ளையாக இருந்ததைக் கண்டு, புது வகை போலும் என்று எண்ணிக்கொண்டானாம்.

பெயர் தவறில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சூட்டுக்கு உரிய களிம்பு, சூட்டுக் களிம்பு. நான்காம் வேற்றுமைத் தொகை. வல்லினம் மிகும். நான் மிகுத்தே எழுதியிருந்தேன். கணினியின் சூட்டைக் கடத்தும் களிம்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

வெந்நீர் பட்ட சூட்டுப் புண்ணுக்கு இடும் களிம்புக்கும் இல்லை.



ஒரே அளவான இரண்டு குழாய்கள். ஒரே பெயர். ஒரே இழுப்பறை.

“அப்ப கம்ப்யூட்டருக்கு வாங்குனது எங்க, அத்தை?”

என் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் சாம்பல் நிறக் கோடு ஒன்று சில வாரங்களாகவே இருந்தது. சோப்புக்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. புண்ணுக்குத் தரும் மருந்தில் வெள்ளி கலந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெள்ளியின் கறை என்றே நான் நம்பியிருந்தேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தாள்.

தம்பி காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அவள் விடவில்லை. மண்டியிட்டு, அன்று காலையில் நான் போட்ட கட்டை அவிழ்த்தாள்.

புண்ணின் மேல் சாம்பல் நிறப் பூச்சு. ஓரம் பிசகாமல், திட்டுத் திட்டாக இல்லாமல், ஒரே சீராக இருந்தது. என் கைவேலை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

மாலையிலேயே மருத்துவரிடம் சென்றோம். இம்முறை காலைத் துடைக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுநாள் விரலை எடுப்பதில்லை என்றும், புண்ணைச் சுத்தம் செய்து உரிய மருந்தை இட்டுச் சில வாரங்கள் பார்ப்பது என்றும் முடிவாயிற்று. விரல் தப்பிவிடும் என்று அவர் உறுதி கூறவில்லை.

கட்டுப் போடும் வேலையை இனித் தம்பி மகள் பார்த்துக்கொள்வாள். கணினிக்கு உரிய குழாயில் பேஸ்ட் என்று எழுதிவிடலாம் என்றாள் அவள். அப்படி எழுதினால் தான் அதில் பல் துலக்கிவிடுவதாகத் தம்பி சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

இறுதியில், இரண்டு குழாய்களிலிருந்தும் என் தாள்களை உரித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

நானே உரித்தேன். அடியில் இருந்த ஆங்கிலத்தில் பிழை ஏதும் இல்லை.