ரொட்டி வண்டிக்காரன்

"நல்லவன்னு ஒருத்தன்கூட இருக்கக் கூடாதுக்கா. அப்படி ஒரு புத்தகம் கொடுங்க" என்றபடி கையிலிருந்த ஃபைலை மேசைமேல் போட்டான் செந்தில்குமார்.

ஹமீதா பானு சிரித்தாள். பாபநாசம் ஸ்டேஷன் ரோட்டில் அவள் நடத்தும் லெண்டிங் லைப்ரரியில் மற்றவர்களெல்லாம் குடும்ப நாவலும் துப்பறியும் நாவலும் கேட்பார்கள். இவன் ஒருவன்தான் கூலிப்படை கேட்பான். இல்லாத ஒரு நாடு, சம்பளம் கொடுக்கிற ராஜாவுக்காகச் சண்டை போடும் முரடர்கள், பக்கத்துக்குப் பக்கம் துரோகம். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் விட்டுப்போகும் இங்கிலீஷ் தடிப் புத்தகங்களில் இந்த ரகம் எது வந்தாலும் அவனுக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு அறுவடை மெஷின் ஓட்டுகிறவனுக்கு வேறு என்னதான் பொழுதுபோக்கு?

"என்ன இவ்வளவு அவசரம், தம்பி?"

"நாலு மணிக்குத் தஞ்சாவூர்ல ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கணும். கையெழுத்துப் போட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டா வியாழக்கிழமை ஃப்ளைட். குவைத்துக்கா! லாரியில கேம்ப்புக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏத்திட்டுப் போகணும், அவ்வளவுதான் வேலை. உங்க வீட்டு மூஸா பாய்கூட அங்கேதானே இருக்காங்க?"

"ஆமா. அது கிடக்கட்டும். அப்பா என்ன சொல்றாங்க?"

"பக்கத்து நாட்டுல சண்டை நடக்குது, போகாதேங்கிறார். சண்டை அங்கேதானே, எனக்கென்ன? ரெண்டு வருஷமா ஆத்துல தண்ணி இல்ல, குறுவை போச்சு. இங்கே உட்கார்ந்து என்ன பண்றதாம்? அம்மா அழுறாங்க, மாமா புத்தி சொல்றார். நான் எதையும் காதுலயே போட்டுக்கல."

போட்டுக்கொள்ளவே மாட்டான். புத்தி சொன்னால் அவனுக்கு வேப்பங்காய். ஆனால் கதை என்றால் பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட நின்று கேட்பான். அது ஹமீதா பானுவுக்கு நன்றாகவே தெரியும்.

"ஒண்ணு இருக்கு. நீ இதுவரைக்கும் படிச்சதெல்லாம் இதுக்கு உறை போடக் காணாது" என்றாள். "ஹீரோ வாள் எடுக்கிறவன் இல்ல. கூலிப்படைக்கு ரொட்டி வண்டி ஓட்டுறவன்."

"ரொட்டி வண்டியா?" அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"முழுசாக் கேளு. ஊர்ல பஞ்சம். நதிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கோட்டைக்கு ரொட்டி கொண்டுபோற வேலைன்னு சொல்லிச் சேர்க்குறாங்க. ஒப்பந்தத்துல கடைசியில பொடி எழுத்துல ஒரு வரி. 'படை அனுப்புகிற இடமெல்லாம் போக வேண்டும்'னு. ரொட்டிதானேன்னு அவன் அதைப் படிக்கவே இல்ல."

"மடையன்!"

"கோட்டை வாசல்ல ஒரு கணக்கன். பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லி எல்லார்கிட்டயும் முத்திரை மோதிரத்தை வாங்கிக்கிறான். அது இல்லாம யாரும் அந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது."

"அதைப் போய்க் கொடுப்பாங்களா? அங்கேயே முடிஞ்சுதே அவன் கதை!"

"மூணாவது வாரம் வண்டியை நதிக்கு அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. அங்கேதான் சண்டை. மாட்டேன்னான். மோதிரத்தைத் தரமாட்டோம்னாங்க. ஓட்டினான்."

செந்தில்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்புறம்?"

"நாப்பது வண்டி வரிசையாப் போகுது. என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. ஒருநாள் முன்னாடி போன வண்டியில தீ விழுந்துடுச்சு. அதை ஓட்டினவன் இவனோட ஒரே தட்டுல சாப்பிட்டவன். கால் நசுங்கி, ரோட்டுல கிடந்து இவன் பேரைச் சொல்லிக் கத்துறான்." ஹமீதா பானு மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினாள். "இவன் நிறுத்தல. ஒதுக்கி ஓட்டிட்டுப் போயிட்டான்."

"அடப்பாவி!"

"பாவிதான். ராத்திரியெல்லாம் அந்தக் குரல் கேக்குதுங்கிறான். நிறுத்தியிருந்தா நானும் போயிருப்பேன், ஆனா நிறுத்தியிருக்கணும்ங்கிறான். அவனை நல்லவன்கிறதா, கெட்டவன்கிறதா?"

"பிரமாதம்க்கா! இதைத்தான் கேட்டேன்." செந்தில்குமாரின் கண்கள் பளபளத்தன. "ஆனா அவன்மேல எனக்கு இரக்கமே வரல. எல்லாம் அந்த வாசல்லயே பண்ணின தப்பு."

"நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிருப்பேன். இப்படி ஒரு வரி இருந்தா, பஞ்சமோ பட்டினியோ, மோதிரத்தோட வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு அவனாகவே ஃபைலைத் திறந்தான். ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, இதுவரை புரட்டாத கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். அடியில் இருந்த பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"கதைதானேக்கா?" என்றான். குரலில் பழைய மிடுக்கு முக்கால்வாசிதான் இருந்தது. "கடைசியில அவன் ஊர் திரும்புறானா?"

"அது இன்னும் தெரியல."

"அந்தப் புத்தகத்தைக் கொடுங்க, நானே படிச்சுக்கிறேன். இல்லேன்னா எழுதினவர் பேரையாவது சொல்லுங்க, தஞ்சாவூர்ல எங்கேயாவது தேடி வாங்கிடுறேன்."

ஹமீதா பானு மேசை டிராயரைத் திறந்து, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த நாலு ஏர்மெயில் கடிதங்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கடையில கிடைக்காது, தம்பி. எங்க வீட்டுக்காரர் எழுதினது. கடைசிக் கடிதம் வந்து அஞ்சு மாசம் ஆகுது."