ஆமைக்குளத்துக்கு வேண்டாம்

“ஆயர் ஈத்தாம் சீனக் கோயிலுக்கு மட்டும் வேண்டாம். தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போவம்,” என்றாள் வள்ளிநாயகி, மகளின் தலையைப் பின்னியபடி.

கணவர் விநாசித்தம்பி சிரித்தார். அரசாங்கக் கந்தோரில் அவருக்குக் கிளாக்கர் வேலை. வருஷ முடிவுக்கு நாலு நாள் லீவு கிடைத்திருந்தது.

“முற்றத்திலை மழைத்தண்ணி நிண்டாலே பிள்ளையளை இறங்க விடமாட்டாய். இப்ப கடலுக்குக் கூப்பிடுறாய்!”

“கடலை எட்ட நிண்டு பாக்கலாம்.”

“எனக்கு ஆமை பாக்க வேணும்,” என்றாள் எட்டு வயது யோகம்மா. “கீரை குடுத்தால் கிட்ட வந்து தின்னுமாம். பள்ளிக்கூடத்திலை எல்லாரும் போய்ப் பாத்திட்டினம்.”

“என்னைக் கடிக்குமோ?” என்று கேட்டான் தம்பி சிவகுரு. அவனுக்கு ஐந்து வயது.

“உன்னைக் கடிச்சால் ஆமைக்குத்தான் வயித்துவலி வரும்,” என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள், வள்ளிநாயகியைத் தவிர. பிள்ளைகள் வெளியே ஓடியதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இஞ்சாருங்கோ, அந்தக் குளத்தடி வழுக்கும். பிள்ளை என்ரை கையை விட்டுப் போயிடும்.”

“ஒவ்வொரு லீவுக்கும் இதையே சொல்லுறாய். கந்தோர்ச் சிநேகிதர் அங்கை தன்ரை வீட்டைச் சும்மா தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். பிள்ளையளுக்காகத்தானே போறம்? அதுகள் கேக்கிற இடத்துக்குப் போவம்.”

அதோடு பேச்சு முடிந்தது.

புறப்பட்ட காலையில் வள்ளிநாயகி சுவாமி படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு யோகம்மாவை உட்கார வைத்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பெரிய பொட்டு வைத்தாள். கண்ணுக்கு மை எழுதியபோது இமையைச் சுற்றித் தடிப்பாக, காதோரம் வரை இழுத்தாள்.

“இவ்வளவு மை ஏனம்மா?”

“நாவூறு படாமல் இருக்கட்டும். ஆடாதை.”

டிராம் சந்தையைத் தாண்டியதும் அவள் மகளின் காதருகே குனிந்தாள். “ஆரும் சீனத்தி கூப்பிட்டால் கிட்டப் போகக் கூடாது, விளங்குதோ? பிள்ளை பிடிச்சுச் சாக்கிலை போட்டிடுவினம். தொட்டால் உடனை கையைக் கழுவ வேணும்.”

“என்ன கதை இது?” என்று விநாசித்தம்பி முகம் சுளித்தார். “போன மாசம் சிவகுருவுக்குக் காய்ச்சல் வரேக்கை கஞ்சி காய்ச்சித் தந்தது ஆர்? பக்கத்து வீட்டுச் சீனத்திதானே?”

வள்ளிநாயகி வெளியே பார்த்தாள். அந்தக் கஞ்சியை அவளும் கும்பிட்டுத்தான் வாங்கியிருந்தாள். பயம் வந்துவிட்டால், பெற்ற நன்மை மனிதருக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது!

சீனக் கோயிலின் படிகளில் ஏறும்போதே ஆமைக்குளம் தெரிந்தது. கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த மகனைத் தூக்கிக்கொண்டு விநாசித்தம்பி மேலே போய்விட்டார்.

குளத்தோரத்தில் ஓலைத் தொப்பி போட்ட ஒரு சீனப் பெண் கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். தமிழர்களிடம் விற்றுப் பழகியதில் அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“வா பாப்பா. கீரை. ஆமை நல்லா சாப்பிடும்.”

வள்ளிநாயகி முந்தானையை முகத்தோரம் இழுத்துவிட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வேகமாக நடந்தாள். யோகம்மா கையை உதறிக்கொண்டு கூடைக்கு ஓடினாள்.

கீரைக்காரி பிள்ளையைப் பார்த்தாள். நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். எடுத்த சின்னக் கட்டை வைத்துவிட்டு, கூடையிலேயே பெரிய கட்டாகப் பார்த்து எடுத்து நீட்டினாள்.

“காசு வேணாம்,” என்றாள். கட்டை வாங்கிய பிஞ்சுக் கையை அவள் விரல்கள் உடனே விடவில்லை.

யோகம்மா வெடுக்கென்று கையை இழுத்தாள். “தொடாதை! சீனத்தி தொட்டால் கை கழுவ வேணுமெண்டு அம்மா சொன்னவ.”

உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, தான் சொன்னது சரிதானே என்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

வள்ளிநாயகி ஒரு வார்த்தை கண்டித்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கீரைக்காரி எழுந்தாள். கீரை வாடாமல் தெளிக்க வைத்திருந்த தகரக் குவளையை எடுத்து, பிள்ளையின் மேல் விரல் படாதபடி உயரத்திலிருந்து நீரை மெல்லச் சாய்த்தாள்.

“கழுவு, பாப்பா. ரெண்டு கையும் கழுவு.”

யோகம்மா கழுவிக்கொண்டாள். கீரைக் கட்டை அணைத்துக்கொண்டு குளத்தின் கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் பின்னல் அவிழ்ந்து, நீளமான முடி வழுவழுவென்று முதுகில் சரிந்தது. ஆமைகள் கழுத்தை நீட்டின. “அம்மா, தின்னுது! தின்னுது!” என்று அவள் கூவினாள்.

இரண்டு பெண்களும் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“எங்க கணக்குல புலி வருசத்துல பொறந்த பொண்ணு, வீட்டுக்கு ஆகாதுன்னாங்க,” என்றாள் கீரைக்காரி, குவளையைக் கீழே வைத்துக்கொண்டே. அவள் குரலில் கோபம் இல்லை. “பதினோரு நாள்ல உன் கையில குடுத்தேன். நல்லா வளத்திருக்கே, அக்கா.”