ஐந்து ஆம்பியர்

கடைக் கண்ணாடியில் பெய்ரூத்தின் மத்தியான மழை வழிகிறது. தெருமுனை ஜெனரேட்டரின் உறுமலில் மேசைமேல் காப்பிக் குவளைகள் மெல்ல அதிர்கின்றன. ரிப்பேருக்குக் கொண்டுவந்த பிரிண்டரோடு நான் ஓரமாக நிற்கிறேன். ஷஃபீக் தன் கம்ப்யூட்டரைப் பெண்கள் போர்த்துகிற கம்பளிச் சால்வையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேசையில் வைக்கிறார். சால்வையிலிருந்து நீர் சொட்டுகிறது. அதைப் பிழியாமல் மடித்து மடியில் வைத்துக்கொள்கிறார். “இதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுப்பா” என்கிறார். கடைக்கார வஸீம் சிரிக்கிறான். “என்ன உஸ்தாத், இந்த வயசுல சுட்டு விளையாடப் போறீங்களா? ப்ராசஸருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸே போதும்னு போன மாசம் அடம்பிடிச்சது நீங்கதானே? கார்டு போட்டா அதோட காத்தாடி இரையும், உங்க அக்கா மூச்சு விடறது கேக்காதுன்னீங்க.”

ஷஃபீக் சால்வையின் ஓர் இழையை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார். வஸீம் விடுவதாயில்லை. கார்டுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கையால் எடை பார்க்கிறான். “இது கரண்டைக் குடிக்கும் உஸ்தாத். ஜெனரேட்டர்காரன் உங்க வீட்டுக்குக் குடுக்கிறதே மொத்தம் அஞ்சு ஆம்பியர். ஃபிரிட்ஜும் அக்காவோட ஆக்ஸிஜன் மெஷினும் ஓடறப்போ இதையும் போட்டா லைன் ட்ரிப் ஆயிடும்.” வெளியே ஜெனரேட்டர் சட்டென நிற்கிறது. கடை இருள்கிறது. குவளைகளின் நடுக்கம் அடங்கி, மழை மட்டும் கேட்கிறது. ஷஃபீக் நிமிராமல் சொல்கிறார்: “இப்ப அஞ்சும் எனக்குத்தான் வஸீம். நல்லா இரையற காத்தாடியாப் பாத்துப் போடு.”