பயன் யாருக்கு

"எங்க வீட்டுக்கு அந்த வெளிச்சத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல சார். நாங்க ஆறு மணிக்கே ஜன்னல சாத்திடுவோம்."

சொன்னவர் பல் டாக்டர். தெருவுக்கு லைட் வேணும்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினவர். போன வாரம் வரைக்கும்.

போன வாரம்தான் விதி என்னன்னு தெரிஞ்சுது. தெருவுக்கு லைட்டும் ஓரத்துல மரமும் வேணும்னா, செலவ சொந்த வீட்டுக்காரங்களே பிரிச்சுக்கணும். அதுவும் சமமா இல்ல. யாருக்கு எவ்வளவு பயனோ, அவங்க வீட்டு மேல அவ்வளவு பங்கு.

பயன். அந்த ஒரு வார்த்தை போதும். ஞாயித்துக்கிழமை காலைல தெரு சங்கச் செயலாளர் வீட்டு கார் ஷெட்டுல கூடின அத்தனை பேரும் பயனில்லாதவங்க ஆயிட்டாங்க. நான் சொல்லல, அவங்களே சொன்னாங்க.

"மனு எழுதினதே நீங்கதானே?" நகராட்சி ஆபீசர் செயலாளரப் பாத்துக் கேட்டார்.

"அது பொது நன்மைக்கு சார். என் வீட்டுக்கு வேணும்னு ஒரு வரி எழுதியிருக்கேனா?"

"சரி, மர நிழலாவது யாருக்காவது பயன்படுமா?"

"காலைல எதிர் வீட்டு டாக்டருக்குத்தான் விழும்" னார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"சாயங்காலம் உங்க வீட்டுக்கு விழுமே?" டாக்டர் விடல.

"சாயங்காலம் நான் கடைல இருப்பேன். நிழல் வந்து என் நாற்காலில உக்காந்துக்குமா?"

இன்னும் நடாத மரம். அதோட நிழலுக்கு அரை மணி நேரம் சண்டை.

நான் பின்னால நின்னு பல்லக் கடிச்சுக்கிட்டிருந்தேன். நாங்க வாடகைக்கு இருக்கறவங்க, எங்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனா அந்த இருட்டுல நடந்து வர்றது எங்கம்மா. ஆஸ்பத்திரில நர்ஸ், ரெண்டாவது ஷிஃப்ட், வீடு வர ராத்திரி ஆயிடும். போன மாசம் தெருத் திருப்பத்துல தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிடுச்சு. லைட் வரலைன்னா வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டாங்க. அவங்க வேலைய விட்டா நான் காலேஜ விடணும்.

"நீங்கல்லாம் படிச்சவங்கதானே?" கேட்டே விட்டேன்.

செயலாளர் திரும்பினார். "ஓனருங்க பேசிக்கிட்டிருக்கோம்மா."

"பேசுங்க அங்கிள். இருட்டறதுக்குள்ள பேசி முடிச்சுடுங்க, தடுக்கி விழுந்துடப் போறீங்க."

ஆபீசர் நெத்தியத் தேய்ச்சுக்கிட்டார். "எல்லாரும் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்னா மிச்சத்த யார் தலைல போடறது?"

"என் தலைல போடுங்க."

கீழ் வீட்டுல இருக்கற எங்க ஹவுஸ் ஓனரம்மா. ஈரத்துணியப் போட்டா கொடி தேஞ்சு போகும்னு சண்டைக்கு வர்றவங்க. எங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தா மோட்டார நிறுத்திடறவங்க. அவங்க வாய்க்கு பயந்து தெருவே எதிர்ப்பக்கமா நடக்கும்.

"நீங்க இருட்டினா வாசப்படி தாண்ட மாட்டீங்களே, உங்களுக்கு என்ன பயன்?" டாக்டர் சிரிச்சார்.

"அதப்பத்தி உங்களுக்கு என்ன? மிச்சப் பயன் பூரா எனக்குத்தான். எழுதுங்க சார்."

எங்கே மனசு மாறிடப் போறாங்களோன்னு செயலாளர் ஓடிப் போய் அந்தம்மாவுக்கு ஃபேனத் திருப்பி வெச்சார்.

எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. "ஆன்ட்டி, பங்கு உங்க பேர்ல. அடுத்த மாசமே அது எங்க வாடகைல ஏறிடும். அதானே கணக்கு?"

"உன் வாய் இருக்கற நீளத்துக்கு அதுக்கே தனியா வாடகை வாங்கணும்டி. சும்மா நில்லு."

ஷெட்டே சிரிச்சுது. எனக்குக் காது சுட்டுது.

அடுத்தது ஓட்டு. "திட்டமே வேண்டாம்ங்கறவங்க?" னு ஆபீசர் கேட்டார். ஓனரம்மா தவிர அத்தனை கையும் மேல போச்சு. இருக்கற கொஞ்சூண்டு பங்கும் மிச்சமாகட்டுமேன்னு.

"கைய இறக்குங்க. இது தலைய எண்ணற ஓட்டு இல்ல. யார் எவ்வளவு பங்கு எடுத்தாங்களோ, அவங்க ஓட்டுக்கு அவ்வளவு கனம். முதல்லயே சொன்னேன். நீங்க நிழல் சண்டைல இருந்தீங்க."

"அப்படின்னா?" செயலாளர் குரல் இறங்கிடுச்சு.

"அந்தம்மா பங்கு பாதிக்கு மேல. அவங்க வேணும்னா வேணும். வேண்டாம்னா வேண்டாம்."

டாக்டர் நாற்காலிய ஆபீசர் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டார்.

"யோசிச்சுப் பாத்தா, எங்க ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விழும்னுதான் தோணுது சார்" னார் டாக்டர்.

"நானும் இனிமே சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துடலாம்னு இருக்கேன்" னார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"பங்கெல்லாம் எழுதியாச்சு, இனிமே மாத்த முடியாது" ன்னுட்டு ஆபீசர் ஓனரம்மா பக்கம் திரும்பினார். " நீங்க சொல்லுங்கம்மா."

"லைட் வேணும். முதல் கம்பம் திருப்பத்துல."

அவங்க வீட்டு கேட்டுக்கு நேரா வேணும்னு சொல்லுவாங்கன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம்.

"திருப்பத்துலயா? உங்க மொட்டை மாடிலேர்ந்து எட்டிப் பாத்தாக்கூட அந்த வெளிச்சம் தெரியாதே" னார் செயலாளர்.

ஆபீசருக்கும் சந்தேகம் வந்துடுச்சு. "ஆமாம்மா, நாளைக்கு மேலிடத்துல கேப்பாங்க. இவங்களுக்கு அப்படி என்ன பயன்னு. என்ன போட?"

ஓனரம்மா என்னை ஒரு முறை முறைச்சாங்க.

"தூக்கம்னு போடுங்க. இந்த வாயாடியோட அம்மா வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குக் கண்ண மூட முடியல."