அடுத்த மூன்று மாதம்

"அடுத்த மூணு மாசத்துல கடன் குடுக்கறத இறுக்குவீங்களா, தளர்த்துவீங்களா, இப்படியே விட்டுடுவீங்களா சார்?"

கேட்டுவிட்டு மெர்லின் பேனாவைத் திறந்தாள்.

திண்டிவனத்தில் வண்டிக் கடன் கொடுக்கும் தாண்டவராயன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெர்லின் வந்து இதைக் கேட்பாள். பைனான்ஸ்காரர்கள் சொல்வதையெல்லாம் திரட்டி, வரும் நாட்களில் கடன் சுலபமாகக் கிடைக்குமா என்று அங்கே கணிப்பார்கள்.

"பேரு வெளிய வராதில்ல?"

"வராதுங்க சார்."

அந்த ஒரு வார்த்தை போதும். கடன் கேட்டு வருகிறவர்களிடம் காட்டும் கடுகடுப்பெல்லாம் அவரிடம் காணாமல் போய்விடும்.

"தளர்த்துறேன்னே போட்டுக்கம்மா. அமெரிக்காவுல பேங்க்கு கவுந்ததுலேர்ந்து அவனவன் பயந்துக்கினு இருக்கான். எங்கிட்ட பணம் சும்மா கெடக்குது. ரெண்டரை வட்டின்னு சொல்றேன். பேசினா ரெண்டுக்கே குடுப்பேன். ஒருத்தரும் பேச மாட்றாங்க!"

மெர்லின் எழுதிக்கொண்டாள். ஜாமீன் பற்றிக் கேட்டாள்.

"மாசச் சம்பளம் வாங்குற பொம்பளைங்களுக்கு ஜாமீன்கூட வேணாம். அவங்கதான் தேதி தவறாம கட்டுறாங்க. இதெல்லாம் வெளிய தெரிஞ்சா பேஜாரு!" அவரே சிரித்தார்.

கேள்விகள் முடிந்தன. மெர்லின் நன்றி சொல்லி, தாள்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

எழுந்திருக்கவில்லை.

"சார், சர்வே முடிஞ்சிடுச்சிங்க. இப்ப நான் கடன் கேக்குறேன். மொபெட் வாங்கணும். மாசச் சம்பளம்தான். ஜாமீனுக்கு ஆள் இல்ல. ரெண்டு வட்டிக்குக் குடுங்க."

தாண்டவராயன் அவசரமாக முகத்தைக் கடுமையாக்கப் பார்த்தார். முடியவில்லை.

"வண்டி எதுக்கு?"

"அடுத்த மாசத்துலேர்ந்து விக்கிரவாண்டி, விழுப்புரம் எல்லாத்துக்கும் நான்தான் போவணுமாம். வண்டி இல்லன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

காலையிலிருந்து வேறு சில பைனான்ஸ்களிலும் உட்கார்ந்திருந்தாள். இறுக்கப்போவதாகச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும், ஜிப்பை இழுத்ததும் கடன் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

தாண்டவராயன் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

"வண்டி செவப்பா, நீலமா?" என்றார்.