பாடகனுக்குச் சளி

"பாடகனுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றார் கணக்கு வாத்தியார், கொஞ்சமும் கூசாமல்.

பல் டாக்டருக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் முன்னறையில், இந்தக் கூத்துதான். நாலு ரசிகர்கள், அவர்கள் உயிரை விடுகிற ஒரே ஒரு ராக் பேண்ட். இரண்டே ஆல்பம் போட்டு, ஒன்றும் விற்காமல், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு பிரிந்துபோன பேண்ட். ஊர் உலகம் மறந்தாச்சு. இந்த நாலு பேருக்கு மட்டும் அவர்கள் இன்னும் 'நம்ம பசங்க'. சின்னக் குழந்தைகூட முணுமுணுக்கிற மெட்டு, அதற்கு மேல் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி கிடார். அந்தச் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பேசிப் பேசியே இவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் இவர்கள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு டேப். லிப்ட் மெக்கானிக்காக இருந்த நண்பர், எல்லாருக்கும் அவர் 'லிப்ட்', இளவயதில் யாரிடமோ முதல் ஆல்பத்தின் இசைத்தட்டை இரவல் வாங்கி, தன் கையால் கட்டின மெஷினில் பதிந்து எல்லாருக்கும் கொடுத்தது.

போன மாதம் அதே ஆல்பம் புது டிஸ்க்காக வந்தது. போட்டுக் கேட்டால், கிடார் ஒரு படி மேலே கணீரென்று நிற்கிறது! பாட்டும் விறுவிறுவென்று ஓடுகிறது.

வாத்தியார் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். "கம்பெனிக்காரன் வேகத்தைக் கூட்டிட்டான். நம்ம பசங்க கிடார் சுருதியைத் தாழ்த்திக் கட்டி வாசிச்சவங்க. டேப்புல இருக்கறதுதான் அசல். இந்த டிஸ்க்கை என் வீட்டு வாசப்படி ஏத்த மாட்டேன்!"

கிடாரைத் தாழ்த்திக் கட்டலாம், பாடுகிறவன் தொண்டையையுமா தாழ்த்திக் கட்டுவான் என்று டாக்டர் கேட்டதற்குத்தான் இந்தச் சளி.

"சரி, பாடகனுக்குச் சளி. டிரம்முக்குமா சளி? அதுவும் மெதுவாத்தானே அடிக்குது!"

"அன்னைக்கு அவன் சோர்வா இருந்திருப்பான்."

கூட்டத்தில் நாலாமவரான பேக்கரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மூலை நாற்காலியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த லிப்ட் மட்டும் முகம் மலரச் சொன்னார், "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர். என் மெஷின் அவ்வளவு சுத்தம்."

போன வருஷம் லிப்ட்டோடு விழுந்து கால் போய், வேலையும் போய், இப்போது கிளினிக் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வருகிற மனுஷர். டாக்டருக்கு அவர் பேச்சு காதிலேயே விழவில்லை. பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்கிற இந்த வாத்தியாரை ஒரு தடவையாவது மடக்கியே ஆகவேண்டும்!

அதிர்ஷ்டம் கடைவாய்ப் பல் வலியோடு வந்தது. அந்த நோயாளி வீட்டுப் பரணில் அதே ஆல்பத்தின் பழைய இசைத்தட்டு இருந்தது. முதன்முதலில் கடைக்கு வந்தபோது வாங்கினதாம். டாக்டர் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். புது டிஸ்க்கும் அதுவும் இம்மி பிசகாமல் ஒன்று. டேப்தான் தப்பு!

ஞாயிறு வரைக்கும் எவனால் பொறுக்க முடியும்? சனிக்கிழமை சாயங்காலமே இசைத்தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே அதே பாட்டு. கணீரென்று. புது டிஸ்க்கை ஓடவிட்டு, அதே சுருதியில், கூடவே கிடார் வாசித்துக்கொண்டிருந்தார் வாத்தியார்.

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"அடப்பாவி மனுஷா! வாசப்படி ஏத்த மாட்டேன்னு சபதம் போட்டீங்களே!"

வாத்தியார் கிடாரைக் கீழே வைத்தார். டாக்டர் கையிலிருந்த இசைத்தட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இதை நாளைக்குக் கொண்டுவரப் போறீங்களா?"

"பின்னே? டேப் தப்புன்னு உங்களுக்கே தெரியும்!"

"முதல் நாளே தெரியும். லிப்ட் பதிஞ்ச மெஷின்ல மோட்டார் வேகமா ஓடியிருக்கு. அதான் சாதாரண வேகத்துல போட்டா நம்ம டேப்புல பாட்டு இழுத்துக்கிட்டு வருது."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னைத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்த விட்டீங்க? சளியாம், சோர்வாம்! பேக்கரிக்காரர் உங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கறார். மானம் போகலையா?"

"போச்சு. போனா போகட்டும்." வாத்தியார் எழுந்து கதவைச் சாத்தினார். "லிப்ட்டுக்கு ஏன் வேலை போச்சு, தெரியுமா?"

"கால் போச்சு, அதனால போச்சு."

"அப்படித்தான் வெளியில சொல்லிக்கிட்டிருக்கான். மோட்டாரை நீ சரியா மாட்டலை, அதான் லிப்ட் விழுந்துச்சுன்னு விசாரணையில சொல்லி அனுப்பிட்டாங்க டாக்டர். அன்னையிலேர்ந்து வீட்டுல மின்விசிறி நின்னாக்கூடத் தொட மாட்டேங்கறான்னு அவன் சம்சாரம் எங்கிட்ட வந்து அழுதுச்சு."

டாக்டருக்குக் கையிலிருந்த இசைத்தட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"நாளைக்கும் என்னை முட்டாள்னு திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்றார் வாத்தியார். "அவன் கையால கட்டினதுல ஒரு மோட்டாராவது சரியா ஓடிச்சுன்னு இருந்துட்டுப் போகட்டும்."